மெஷின் படிக்காத வரிகள்

ஒக் பில்-நம், வீட்டுக்கு நான்காவது பெண். பில்-நம் என்றால் ‘கண்டிப்பாக ஆண்’ என்று அர்த்தம். நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று பெயர் வைக்கிறார்களே, அந்த வகை. பெயரின் புண்ணியத்தில் அடுத்து ஒரு தம்பி பிறந்தான். அந்த வருஷம் முழுக்க அவளை வீட்டில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு தம்பி நடக்க ஆரம்பித்ததும் மறந்துவிட்டார்கள்.

அப்பா தென் கொரியாவின் கோஜே தீவில் கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பில்-நம் சாங்வனுக்கு வேலைக்கு வந்தாள். எண்பதுகளின் நடுவில் அந்த ஊருக்கு வராதவர்கள் யார்? நூல் பிடித்த மாதிரி நீளும் ரோடு, இரண்டு பக்கமும் தொழிற்சாலை, காலையில் சைக்கிள்களின் ஆறு. பம்புகளுக்குத் தண்டும் வால்வும் கடைந்து கொடுக்கிற ஒரு நடுத்தரக் கம்பெனியில், பரிசோதனை மேஜையில் அவளை உட்கார வைத்தார்கள். மைக்ரோமீட்டரால் அளப்பது, நல்லதை வலப்பக்கத் தட்டில் போடுவது, தப்பானதை இடப்பக்கத் தட்டில் போடுவது. அவ்வளவுதான் வேலை.

ஃபோர்மேன் பியோ வாரம் ஒரு முறை அந்த இடப்பக்கத் தட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரு நாள் கம்ப்யூட்டர் லேத்தில் பகல் ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் கட்டும் தளத்துக்குப் போய்விட்டான். பியோ நேராகப் பரிசோதனை மேஜைக்கு வந்தார்.

“அளவு தப்பினா உனக்குத்தானே முதல்ல தெரியுது? தப்பு நடக்கிற எடத்துக்கே போய் நில்லு. வா.”

“எனக்கு லேத் தெரியாது சார்.”

“தெரிஞ்சவன் ஓடிட்டான்மா. தெரியாதவங்கதான் மிச்சம் இருக்கோம்.”

அப்படித்தான் அவள் அந்தப் பச்சை மெஷின் முன்னால் வந்து நின்றாள். சின்ன அறை அளவுக்கு இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகிற சக், டூல்களை வட்டமாகச் சொருகி வைத்த தலை. பக்கத்தில் ஒரு திரை. திரையில் பச்சை எழுத்துகள்.

பியோ கற்றுக்கொடுத்த விதம் சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. காலையில் முதல் வேலை, மெஷினை அதன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்; எங்கே நிற்கிறோம் என்று அதற்கே தெரிந்தால்தான் மற்ற வேலையெல்லாம். பிறகு இரும்புத் துண்டின் முகத்தைத் தொட்டு, ‘இதுதான் பூஜ்யம்’ என்று சொல்லிவிட வேண்டும். எக்ஸ் என்றால் பருமன் பக்கம், இசட் என்றால் நீளவாக்கு. ஒரு வரி, ஒரு கட்டளை. காற்றில் போகிற வரி பறக்கும். இரும்பை வெட்டுகிற வரி நிதானமாக நகரும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

“அப்புறம் புள்ளி,” என்றார் பியோ. “அம்பதுன்னு எழுதினா அம்பதுக்குப் பின்னாடி புள்ளி வை. வைக்கலைன்னா அந்தக் கழுதை அதை ஆயிரத்துல அம்பது பங்குன்னு எடுத்துக்கும். அம்பது மில்லிமீட்டர் எங்க, தலைமயிர் பருமன் எங்க?”

புதிதாக எழுதிய புரோகிராமை ஒருபோதும் நேராக ஓடவிடக் கூடாது என்பதையும் சொன்னார். ஒரு வரி ஓடி நிற்கும், பார், பச்சைப் பொத்தானை அழுத்து, அடுத்த வரி. இடது கை எப்போதும் சிவப்புப் பொத்தான் மேல் இருக்க வேண்டும். பில்-நம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் கனவில்கூட அவள் இடது கை சிவப்புப் பொத்தானைத் தேடியது.

அவர் போகிற போக்கில் சொன்ன இன்னொரு விஷயம்தான் அவள் வாழ்க்கையையே திருப்பியது. புரோகிராமில் அடைப்புக்குறி போட்டு எதை எழுதினாலும் மெஷின் படிக்காது, தாண்டிப் போய்விடும். ஜாப்பின் பெயரை எழுதி வைக்க அது வசதி.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் ராத்திரி ஷிப்டுக்குப் புது ஆள் வந்தான். அவனை அவள் பார்க்கவில்லை. பகல் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் கிளம்பிய பிறகுதான் ராத்திரி ஆட்கள் கேன்டீனில் சாப்பிட்டு முடித்து உள்ளே வருவார்கள். காலையில் அதுவே தலைகீழ். இடைப்பட்ட நேரத்தில் பியோ மெஷினைப் பார்த்துக்கொள்வார். ஆகவே சொல்ல வேண்டியதை பில்-நம் புரோகிராமின் தலையிலேயே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுப் போனாள். ‘மூன்றாம் டூல் மழுங்கிவிட்டது. பில்-நம்.’ அந்தத் திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் வரும். நாம் இன்றைக்கு போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, அதுபோலக் கொரிய மொழியை ஒரு மாதிரி ஒப்பேற்றி எழுத வேண்டும்.

மறுநாள் காலை பதில் இருந்தது. ‘டூல் மாற்றிவிட்டேன் அண்ணே. ஜோங்-தூ.’

அண்ணே. பில்-நம் திரையைப் பார்த்துச் சிரித்தாள். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட்டான். திருத்தியிருக்கலாம். திருத்தத் தோன்றவில்லை. லேத் பக்கம் ஒரு பெண் நிற்கிறாள் என்று தெரிந்தால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும், ‘பாப்பா, சக் சாவியைத் தூக்க முடியுதா?’ என்று கேட்கிறவர்களையும் அவள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருந்தாள். அண்ணனாக இருப்பது நிம்மதியாக இருந்தது.

கி ஜோங்-தூ நாஜூ ஊர்க்காரன். மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், தென்மேற்கில், பேரிக்காய்த் தோட்டங்களின் ஊர். இதெல்லாம் அவளுக்கு அடைப்புக்குறிகள் வழியாகத்தான் தெரிந்தது. அண்ணனுக்கு எழுதுவதாக நினைத்து அவன் கூச்சமே இல்லாமல் எழுதினான். கேன்டீன் சூப்பில் முள்ளங்கியைத் தேட வேண்டியிருக்கிறது. ஃபோர்மேன் தூங்குகிறபோது மூக்கால் விசில் அடிக்கிறார். ஒருமுறை, உட்காரும் இடத்தில் கட்டி வந்திருக்கிறது, நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன், உங்களுக்கு ஏதாவது மருந்து தெரியுமா அண்ணே என்று கேட்டிருந்தான். பில்-நம் முகம் சிவந்து போய், மெஷின் கதவைத் துடைக்கிற மாதிரி திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, ‘சூடான ஒத்தடம்’ என்று எழுதினாள்.

அறுவடைப் பண்டிகை முடிந்து அவன் ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, புரோகிராமின் தலையில் இப்படி இருந்தது: ‘பில்-நம் அண்ணே, பே.’

கொரிய மொழியில் பே என்றால் வயிறு. படகுக்கும் பே. பேரிக்காய்க்கும் பே. ஊர்ச் சமையல் ஒத்துக்கொள்ளாமல் பையனுக்கு வயிற்றைக் கலக்குகிறது போல என்று பில்-நம் நினைத்தாள். மத்தியானம் மருந்துக் கடைக்குப் போய் வயிற்றுவலி மருந்துப் பொட்டலம் வாங்கி டூல் அலமாரி இழுப்பறையில் வைத்து, ‘மருந்து இழுப்பறையில். சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று எழுதிவிட்டுப் போனாள்.

மறுநாள் பதில்: ‘எனக்கு ஒன்றும் இல்லையே அண்ணே. நன்றாக இருந்ததா?’

எது நன்றாக இருந்ததா? அவள் குழம்பிக்கொண்டிருந்தபோது ஃபோர்மேன் பியோ வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நேத்து மெஷின் மேல யாரோ ஒரு பேரிக்காயை வெச்சுட்டுப் போயிருந்தாங்க. குழந்தை தலை சைசு. என்னா தண்ணி, என்னா தித்திப்பு! நாஜூ பழம்னா நாஜூ பழம்தான்.”

“சார், அது எனக்கு வெச்சது.”

“உன் பேரு எழுதியிருந்துச்சா?”

“எழுதியிருந்துச்சு. திரையில.”

பியோ திரையைப் படித்தார். மேலிருந்து கீழ்வரை, ஆற அமரப் படித்தார். “ஏம்மா,” என்றார் கடைசியில், “இந்த மெஷினுக்கு இருக்கிற நினைவே இத்துனூண்டு. அதுல பாதியில நீங்க குடும்பம் நடத்துறீங்க. ஜாப்பை எங்க எழுதுறது?” ஆனால் அவர் அழிக்கவில்லை. தன் மூக்கு விசிலைப் பற்றிய வரியை மட்டும் அழித்துவிட்டுப் போனார்.

குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. தண்டின் ஒரு பக்கப் பருமனை மாற்ற வேண்டும். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பில்-நம் அந்த வரியில் பழைய எண்ணை அழித்து ஐம்பத்திரண்டு என்று அடித்தாள். கோட்டை மாட்டிக்கொண்டே ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில், ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தபோது, திடீரென்று அந்த ஐம்பத்திரண்டு கண்முன் வந்தது. புள்ளி வைத்தேனா?

வைத்ததாக ஞாபகம் வந்தது. வைக்காததாகவும் ஞாபகம் வந்தது. தங்கியிருந்த விடுதியில் சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்தாள். கம்பெனிக்கு போன் பண்ணலாம் என்றால், விடுதி வார்டன் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவன் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பான், எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அவன் அப்படிச் செய்யவில்லை. பில்-நம் அண்ணன் எழுதியதில் இதுவரை ஒரு தப்புகூடப் பார்த்ததில்லை. நேராக ஓடவிட்டான். டூல் பறந்து வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், சுழன்றுகொண்டிருந்த இரும்பின் நடுநெஞ்சுக்கே போய் மோதியது. டூல் சிதறியது, பிடி வளைந்தது, சக்கின் ஒரு தாடை உடைந்து கதவில் அடித்தது. நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது.

காலையில் பியோ அவனை பஸ்ஸில் ஏற விடவில்லை. அப்போது நடந்த பேச்சை அவர் ரிடையர் ஆகும்வரை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அதனால் அது பில்-நம்முக்கு மனப்பாடம்.

“ஏன்டா, லைன் லைனா ஓட்டிப் பாத்தியா?”

“இல்ல சார். பில்-நம் அண்ணன் எழுதுனதாச்சேன்னு…”

“எந்த அண்ணன்?”

“பகல் ஷிப்ட் அண்ணன் சார்.”

பியோவுக்கு மெஷின் உடைந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டதாம். “இருடா. உங்க அண்ணன் இப்ப பஸ்ல வருவாரு. ரொம்ப முரட்டு ஆளு. பாத்து மரியாதையா பேசு.”

பில்-நம் உள்ளே வந்தபோது உடைந்த தாடையைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில், தூக்கமில்லாத கண்ணோடு, எண்ணெய் படிந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூனி நின்ற ஒல்லியான ஆளை. அவன் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“புள்ளி வைக்கலையா நான்?” என்றாள் அவள்.

அவன் திரும்பினான். ஃபோர்மேனைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். “நீங்க… நீங்களா அண்ணன்?”

பியோ அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரித்தார். பக்கத்து மெஷின்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

“தப்பு என்னோடது,” என்றாள் பில்-நம். “எழுதினது நான். என் பேர்ல போடுங்க சார்.”

“இல்ல சார், பொத்தானை அமுக்கினது நான். எழுதுனவங்க யாரா இருந்தாலும் ஓட்டுறவன்தானே பாக்கணும்?”

“புள்ளி வெச்சிருந்தா நீங்க எப்படி அமுக்கினாலும் ஒண்ணும் ஆயிருக்காது.”

“நான் நிறுத்தி நிறுத்திப் பாத்திருந்தா உங்க புள்ளி இல்லாமயே சமாளிச்சிருக்கலாம்.”

“போதும்,” என்றார் பியோ. “தப்புக்கு அடிச்சுக்கிற ஆளுங்களை இப்பதான் பாக்குறேன். இனிமே ரெண்டு பேரும் மெஷின் முன்னாடி நேருக்கு நேர் நின்னு, ஒவ்வொரு வரியா ஒப்படைச்சிட்டுதான் போகணும். பஸ்ஸை நான் நிறுத்தி வெக்கிறேன்.”

நேருக்கு நேர் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ‘ரெண்டாம் டூல் சரி’ என்பான். அவள் ‘சரி’ என்பாள். அடைப்புக்குறிகளும் காலியாகிவிட்டன. கட்டி வந்த கதையெல்லாம் ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறோமே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பில்-நம்முக்கோ காலையில் வந்து திரையைப் பார்த்தால் வெறும் எண்களாக இருப்பது, வீட்டில் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. சில வாரங்கள் பொறுத்தாள். பிறகு ஒரு சாயங்காலம் எழுதினாள்: ‘அண்ணன் இங்கே இல்லை. பில்-நம் இருக்கிறாள். கட்டி ஆறிவிட்டதா?’

மறுநாள் காலை ஒரே ஒரு வரி: ‘அப்போதே ஆறிவிட்டது. ஒத்தடத்துக்கு நன்றி.’ அதற்கு அடுத்த நாளிலிருந்து முள்ளங்கியும் சூப்பும் திரும்பி வந்தன.

எண்பத்தேழு கோடையை அந்த ஊரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு தொழிற்சாலையில் தொடங்கி அடுத்தது, அதற்கடுத்தது என்று சாங்வன் முழுக்க மெஷின்கள் நின்றன. இவர்கள் கம்பெனியிலும் நின்றது. கூலி உயர வேண்டும், கேன்டீனில் மனிதர் சாப்பிடுகிற சாப்பாடு போட வேண்டும், முடியை ஒட்ட வெட்டச் சொல்லக் கூடாது. கோரிக்கைகளைத் துணியில் எழுதிக் கட்டிவிட்டு எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் ஒன்றாக.

பில்-நம் அவனை வெயிலில் பார்த்தது அப்போதுதான். வெளுத்துப் போயிருந்தான். பானைக்கு அடியில் முளைத்த பயறு மாதிரி இருந்தான். சைக்கிள் கொட்டகை நிழலில் அவளுக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான். பெண்கள் உருட்டிய சோற்று உருண்டையை இருவரும் சாப்பிட்டார்கள். விரலில் ஒட்டிய பருக்கையைத் தின்றுவிட்டு அவன் சொன்னான்:

“எழுதுனா வருது. பேசுனா வர மாட்டேங்குது.”

“அப்ப எழுதுங்க.”

அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்து, சிமென்ட் தரையில் அடைப்புக்குறி ஒன்றைத் திறந்தான். என்ன எழுதுவது என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான். பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. சுற்றிலும் கோஷம், பறை முழக்கம், ஒலிபெருக்கி. அவன் பாட்டுக்குத் தூங்கினான். பில்-நம் தன் தொப்பியை அவன் முகத்தின் மேல் கவிழ்த்துவிட்டு, வெயில் நகர நகர அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த மத்தியானத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவள், “வெயில் ஜாஸ்தி” என்று மட்டும்தான் சொல்வாள். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

வேலைநிறுத்தம் முடிந்தது. கூலி கொஞ்சம் ஏறியது, முடி கொஞ்சம் வளர்ந்தது, சூப்பில் முள்ளங்கி தென்பட்டது. மெஷினை அதன் வீட்டுக்கு அனுப்பி, பூஜ்யம் காட்டி, மறுபடி ஓட்டினார்கள். செப்டம்பரில் ஒரு காலை, புரோகிராமின் தலையில் மறுபடியும் அந்தச் சொல் இருந்தது. ‘பில்-நம், பே ஏறலாமா?’

இந்த முறை அவள் குழம்பவில்லை. பேரிக்காய் மேல் யாரும் ஏறுவதில்லை. கோஜேவுக்குப் போகிற படகு பக்கத்து ஊரான மசான் துறையிலிருந்து கிளம்பும். அவள் ஊர் அது, அவள் அப்பா இருக்கும் இடம் அது. அன்று முழுக்க அவள் கடைந்த தண்டுகளில் ஒன்றுகூட அளவு தப்பவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

“எங்கப்பா ஒரு மாதிரி,” என்று சாயங்காலம் ஒப்படைக்கும்போது சொன்னாள். “மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுன்னா அவருக்கு ஆகாது.”

“எங்கம்மாவுக்கும் இந்தப் பக்கம் ஆகாது. சரியாப் போச்சு.”

பண்டிகைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகேறினார்கள். நாஜூவில் பிறந்து வளர்ந்தவன், கடலைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஒரு பெட்டி நிறையப் பேரிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். துறைமுகத்தைத் தாண்டியதும் அலை தூக்கியது. அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு பச்சையானது. கோஜேவில் இறங்கும்போது பெட்டியை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தான்.

அப்பா வாசலில் சிப்பி ஓடுகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“இவனா?”

“ஆமாப்பா.”

“உடம்புக்கு என்ன?”

பில்-நம் வாயைத் திறந்தாள். “பே ஏறினதுல பே கலங்கிடுச்சுப்பா. பே கொண்டுவந்திருக்காரு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. அம்மா உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே மருந்தோடு வந்தாள். ஜோங்-தூ அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பொழுது சாயும்வரை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் படகுக்கு நேரமானபோது, பெட்டியைப் பிரித்து ஒரு பழத்தை எடுத்துத் தன் சிப்பிக் கத்தியால் தோல் சீவி, தானே ஒரு துண்டைத் தின்று பார்த்தார்.

“படகுலயே நிக்க முடியாதவன் என்ன வேலை பாக்குற?”

“லேத் ஓட்டுறேன்ங்க. அது ஆடாதுங்க.”

அப்பா இன்னொரு துண்டை வெட்டி, கத்தி நுனியில் குத்தி அவனிடம் நீட்டினார். “ஆடாத வேலையா இருந்தா சரிதான்.” சம்மதம் என்று அவர் வாயால் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் கல்யாணம். மசானில் மேட்டுத் தெருவில் ஒரு அறை பிடித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகாவது ஒரே ஷிப்டில் போடுவார்கள் என்று பார்த்தால், மெஷின் ஒன்றுதானே? பகல் அவளுக்கு, ராத்திரி அவனுக்கு. மகள் பிறந்த பிறகு அதுவே வசதியாகவும் ஆகிவிட்டது. குழந்தைக்காகப் பியோ, நேருக்கு நேர் ஒப்படைக்கிற விதியைத் தளர்த்தினார்; யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பார்கள். தெருமுனையில் ஒருவர் ஏறும்போது ஒருவர் இறங்குவார். முதுகில் கட்டிய குழந்தை ஒருவர் முதுகிலிருந்து மற்றவர் முதுகுக்கு மாறும். ‘பால் குடிச்சா. தூங்கல.’ ‘சரி. சோறு மூடி வெச்சிருக்கேன்.’ அவ்வளவுதான் சந்திப்பு. அவன் எழுந்து போன படுக்கையில் அவள் படுப்பாள். அங்கே அடுப்புச் சூட்டைத் தரைக்கடியில் விடுவார்கள்; அந்தச் சூடு தரையில் இருக்கும், அவன் சூடு படுக்கையில் இருக்கும். அந்த வருஷங்களில் அந்தப் படுக்கை ஆறியதே இல்லை.

வீட்டு விஷயமெல்லாம் அடைப்புக்குறிக்குள்தான் நடந்தது. அரிசி தீர்ந்தது. மகளுக்குப் பல் முளைத்தது. ‘உன் அப்பா சிப்பி அனுப்பியிருக்கிறார், எனக்கென்று தனிப் பொட்டலம்.’ அதற்குக் கீழே எண்கள், எண்களுக்குக் கீழே கட்டளைகள். மெஷின் எதையும் படிக்காமல் தாண்டிப் போய்த் தண்டு கடைந்துகொண்டே இருந்தது. பியோ மட்டும் வந்து படிப்பார். “குழந்தைக்குக் காய்ச்சல்னு போட்டிருக்கு, நீ இன்னும் இங்க நிக்கிறியே, கிளம்பும்மா” என்று ஒருமுறை அவரே மெஷினை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவைத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி புது மெஷின்கள் வாங்கி, பழையதை விலைக்குப் போட்டது. அதற்குள் இருவரிடமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அந்தப் பச்சை மெஷினையே வாங்கி, கிம்ஹேவில் வயலோரத்தில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து வைத்தார்கள். விற்பதற்கு முன் கம்பெனியில் அதன் நினைவைத் துடைத்துவிட்டிருந்தார்கள். திரையைப் போட்டதும் வெறும் கறுப்பு. பில்-நம் அதைத் துணியால் துடைத்தாள்.

“ஒரு வரிகூட எடுத்து வெச்சுக்கலையே நாம,” என்றாள்.

“எதுக்கு? இனிமே ஒரே எடத்துலதானே இருக்கப் போறோம். வாயால சொல்லு.”

ஒரே இடம்தான் பிரச்சினையாக இருந்தது. அத்தனை வருஷம் சண்டையே போடாத தம்பதி, முதல் வாரத்திலேயே வயல் பக்கம் வேலை செய்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டார்கள். அவன் வெட்டும் வேகத்தைக் கூட்டுவான், அவள் குறைப்பாள். அவன் டூலை இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்பான், அவள் கழற்றி எறிவாள். பில்-நம்முக்குத் தெரியாமலே போன விஷயங்கள் எத்தனையோ இருந்தன: அவன் வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுவான், ஒரே இரண்டு அடியைத் திரும்பத் திரும்ப. எண்ணெய்க் கையோடு எல்லாவற்றையும் தொடுவான். இவையெல்லாம் இத்தனை காலம் ராத்திரிக்குள் ஒளிந்திருந்தன.

முதல் நாள் மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு, மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு டிபன் கேரியரைத் திறந்தார்கள். சோறு, ஊறவைத்த கோஸ், வறுத்த நெத்திலி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், வேலை நாள் ஒன்றில் பட்டப்பகலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவன் வழக்கமில்லாத வழக்கமாக வெட்கப்பட்டான். நெத்திலியை அவள் பக்கம் தள்ளினான். அவள் கோஸை அவன் பக்கம் தள்ளினாள். அப்புறம் மூன்றாம் டூலைப் பற்றி மறுபடி சண்டை வந்தது.

இப்போது அந்தக் கொட்டகை கட்டடமாகிவிட்டது. உள்ளே நான்கு மெஷின்கள். திரையில் கொரிய எழுத்தே வருகிறது. மகள் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறாள். ஜோங்-தூவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. அதனால் சண்டையின் சத்தம்தான் கூடியிருக்கிறது. போன வாரம்கூட, ஏதோ ஒரு ஜாப்பைப் பற்றிக் கத்தி ஓய்ந்த பிறகு, பில்-நம் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவன் நல்ல காதுப் பக்கம் போய்ச் சொன்னாள்:

“ராத்திரி ஷிப்ட்ல இருந்தப்ப நீங்க எவ்வளவு தங்கமான மனுஷனா இருந்தீங்க தெரியுமா?”

“நீயும்தான்,” என்றான் அவன். “அப்ப நீ எனக்கு அண்ணனா இருந்தே.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு மெஷின் பக்கம் போய், விட்ட இடத்திலிருந்து வேலையைப் பார்த்தார்கள்.